வழுவும் வழுவமைதியும்: கணினிப் போர்விளையாட்டுகளில் சுடுதலும் அரண்கொள்ளுதலும்

முன்னுரை

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய படைப்பாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்க் கல்வியுலகில் இன்னும் வேரூன்றவில்லை. விளையாட்டைப் பற்றி எழுதும் தமிழாசிரியர் பெரும்பாலும் அதன் தீமையைப் பற்றியோ, கற்பித்தலில் அதனைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியோ எழுதுகின்றனர். சிலர் ஒருபடி மேற்சென்று அதன் கதையைப் பாராட்டுவர். ஆடுவோர் தம் கையால் செய்யும் செயல், அதாவது குறிபார்த்தல், சுடுதல், சுவர்மறைவில் ஒதுங்குதல், மறைவினின்று எழுதல் ஆகியவை படைப்பின் பொருளோடு எங்ஙனம் இயைகின்றன என்பது பேசப்படுவது அரிது. கவிதையின் கருத்தை மட்டும் கூறி யாப்பைக் கூறாது விடும் உரை எத்துணைக் குறைபாடுடையதோ, அத்துணைக் குறைபாடுடையது இப்போக்கு.

இக்கட்டுரை அக்கைச்செயலையே ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. பாத்திரமேற்று ஆடும் அதிரடி விளையாட்டுகளில் துப்பாக்கிச் சூடும் சுவர்மறைவும் ஆடுவோர்க்கு எரிச்சலூட்டுகின்றன என்னும் குறை நெடுநாளாகக் கூறப்பட்டு வருகிறது. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு 2007 நவம்பரிலும் கணினிக்கு 2008 மே மாதத்திலும் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட்’, அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் உருவாக்க 2010இல் சேகா வெளியிட்ட ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ ஆகிய இரண்டும் இக்குறைக்குத் தக்க சான்றுகளாகும். இவற்றின் உரையாடலும் தெரிவுகளும் போற்றப்பட்டன. போர்முறையோ பலராலும் குறைகூறப்பட்டது. இக்குறையை ஒரே குறையாகக் கொள்வது பொருந்தாது என்பதும், ஏற்கத்தக்க ஒன்றும் ஏற்கத்தகாத மற்றொன்றும் அதனுள் கலந்துள்ளன என்பதும், அவற்றைப் பிரித்தறியத் தமிழ் இலக்கண மரபு தெளிவான கருவிகளைத் தருகிறது என்பதும் எம் கருத்தாகும்.

எண்ணும் கையும்

இவ்வகை விளையாட்டுக்கு இரு மூலங்கள் உண்டு. ஒன்று, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலாகத் தொடரும் மேசை விளையாட்டு மரபு. அதில் வாள் வீசுபவர் ஆடுவோர் அல்லர். அவர் ஏற்ற பாத்திரமே வாள் வீசுகிறது. பாத்திரத்தின் திறன் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு திறனெண்ணைக் கூட்டி, வீச்சு பட்டதா தவறியதா என முடிவு செய்வர். மற்றொன்று, 1993இல் வந்த ‘டூம்’ போன்றவற்றால் உலகெங்கும் பரவிய சுடும் விளையாட்டு மரபு. அங்கே வெற்றி தோல்வியை முடிவு செய்வன ஆடுவோரின் கண்ணும் கையுமே.

பாத்திரமேற்கும் அதிரடி விளையாட்டு இவ்விரு மரபுகளையும் ஓர் உடலில் இணைக்க முயல்கிறது. இணைத்தவுடன் ஒரு வினா எழுகிறது: குண்டு எங்கே செல்லும் என்பதை முடிவு செய்வது பாத்திரத்தின் எண்ணா, ஆடுவோரின் கையா? மேசை விளையாட்டில் இவ்வினா எழுவதில்லை. பகடை எல்லார் கண்ணெதிரிலும் உருள்கிறது. கணினியில் பகடை மறைந்துவிடுகிறது. செயல் மட்டும் காட்சியாகிறது. 2002இல் வெளிவந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டில், வாள் பகைவனின் உடலைத் தொடுவதை ஆடுவோர் காண்பர்; உள்ளே உருளும் பகடையோ வீச்சு தவறியது என்று கூறிவிடும். கண் கண்டதை எண் மறுக்கும் இந்நிலையே நாம் ஆராயும் எரிச்சலின் ஊற்றுக்கண்.

வாளைவிடத் துப்பாக்கியில் இம்முரண் கூர்மையாகத் தோன்றும். குறியைக் காட்டும் வட்டம் ஒன்று திரையின் நடுவே நிற்கிறது. அதனை இனிக் குறிவட்டம் எனக் குறிப்போம். குறிவட்டம் பகைவன்மேல் நிற்கும்போது, ‘இங்கே சுட்டால் இங்கே படும்’ என ஆடுவோர்க்கு அது உறுதியளிக்கிறது. அவ்வுறுதியை எண் முறிக்கும்போது, தோற்றதாகக் கருதுவதைவிட ஏமாற்றப்பட்டதாகவே அவர் கருதுகிறார்.

தன்மையும் படர்க்கையும்

ஜொகூர் மாநிலத்தின் வடபால் அமைந்த சிகாமட் நகரிலும், அம்மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ், ஜெமந்தா, பூலோ காசாப் ஆகிய ஊர்களிலும் இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவர்கள் விளையாட்டைப் பற்றித் தமக்குள் பேசும் மொழியைக் கவனித்ததுண்டு. 2000ஆம் ஆண்டுகளில் சைபர் கஃபேயிலும் பின்னர் வீட்டுக் கணினியிலும் ஆடிய தலைமுறைகள் இவை. விளையாட்டின் மொழி ஆங்கிலம்; ஆனால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு தமிழிலேயே நிகழ்கிறது. அப்பேச்சில் ஓர் இலக்கண நுட்பம் புலப்படுகிறது.

குறி தப்பாமல் பட்டபோது மாணவர் ‘நான் அடிச்சிட்டேன்’ என்பர். தம் பிழையால் தவறியபோதும் ‘நான் விட்டுட்டேன்’ என்பர். விசையை அழுத்தியும் பாத்திரம் வேறொன்று செய்தபோதோ, ‘அவன் கவர் எடுக்க மாட்டேங்குறான்’, ‘இவன் சுவர்ல போய் ஒட்டிக்கிறான்’ என்கின்றனர். தன்மையில் நின்ற ஆள் ஒரு நொடியில் படர்க்கைக்கு மாறிவிடுகிறான். பாத்திரமேற்றல் என்பது ‘அவன்’ என்பதை ‘நான்’ ஆக்கும் கலை. கட்டுப்பாடு பிழைக்கும் இடத்தில் அக்கலை முறிகிறது என்பதற்கு இம்மாணவர்தம் வினைமுற்றுகளே சான்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. வெற்றிவாய்ப்பு குறைவு என முன்னரே அறிந்து சுட்டுத் தவறவிட்ட மாணவர் படர்க்கைக்கு மாறுவதில்லை. ‘எனக்கு மிஸ் ஆயிருச்சு’ என்றே கூறுகின்றனர். ஆகவே, தவறுதல் மட்டும் இம்மாற்றத்துக்குக் காரணமன்று. எவ்வகைத் தவறுதல் ஆடுவோரைப் பாத்திரத்தினின்று பிரிக்கிறது என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

தொல்காப்பியர் வெகுளி என்னும் மெய்ப்பாட்டுக்குக் கூறும் நிலைக்களன் நான்கனுள் உறுப்பறையும் ஒன்று. உறுப்பு அறுபடுதலால் பிறக்கும் சினம் அது. விசையோடு பிணைந்து தம் கைபோலவே இயங்கிய ஒன்று திடீரெனத் தம் ஏவலைக் கேளாதபோது ஆடுவோர்க்கு எழும் சினத்தை இதனோடு ஒப்பிடலாம். அச்சினத்தைப் பொறுமையின்மை என்று மட்டும் கூறி ஒதுக்குவது முறையாகாது.

வழு, வழாநிலை, வழுவமைதி

நன்னூல் சொல்லதிகாரத்தின் பொதுவியலில் வழு எழுவகைப்படும் எனக் கற்கிறோம். அவை திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன பற்றி நிகழ்வன. இலக்கண நெறியினின்று பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம் பற்றிச் சான்றோரால் அமைத்துக்கொள்ளப்பட்டது வழுவமைதி. பசுவை உவப்பின் மிகுதியால் தாய் என்று அழைப்பது திணை வழுவாயினும் அமைக்கப்படுகிறது. உவகை என்னும் பொருளை அப்பிறழ்ச்சி தெரிவிப்பதே காரணம். புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவைத் தெரிவிப்பதால் அமைகிறது. யாதொரு பொருளையும் தெரிவிக்காத பிறழ்ச்சி அமையாது. அது வழுவாகவே நிற்கும்.

இம்முப்பாகுபாட்டை விளையாட்டுக்குப் பொருத்திக் காணலாம். ஆடுவோர் விசையை அழுத்துவது வினா; திரையில் நிகழும் செயல் விடை. வினாவுக்கேற்ற விடை உரிய காலத்தில் வருவது வழாநிலை. விடை பிறழ்ந்தாலும் அப்பிறழ்ச்சி பாத்திரத்தைப் பற்றியோ சூழலைப் பற்றியோ ஒன்றைத் தெரிவிக்குமாயின் அது வழுவமைதி. எதனையும் தெரிவிக்காமல் பிறழ்வது வழு. எரிச்சலூட்டும் கட்டுப்பாடு அனைத்தையும் ‘மோசம்’ என ஒரே சொல்லால் ஒதுக்குவோரும், ‘இது பாத்திர விளையாட்டு, அப்படித்தான் இருக்கும்’ என ஒரே சொல்லால் காப்போரும் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

குறிவட்டம் கூறும் விடை

அமைக்கத்தக்க பிறழ்ச்சிக்கு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டியூஸ் எக்ஸ்’ நல்ல சான்று. இதன் நாயகன் ஜேசி டென்டன் புதிதாகப் பணியேற்ற முகவன். துப்பாக்கிப் பயிற்சி குறைந்த நிலையில் அவனது குறிவட்டம் அகன்று கிடக்கும், அசையாது நின்றால் மெல்ல ஒடுங்கும், ஓடினால் விரியும். பயிற்சிக்குப் புள்ளிகளைச் செலவிட்டால் ஒடுங்கும் விரைவு மிகும். குண்டு தவறக்கூடும் என்பதைச் சுடுவதற்கு முன்னரே வட்டத்தின் அகலம் கூறிவிடுகிறது. காத்திருப்பதா, துணிந்து சுடுவதா, சுடாமல் பதுங்கிச் செல்வதா என ஆடுவோர் தெரிவு செய்யலாம். இங்குத் திறமின்மை பாத்திரத்தின் பண்பாகப் பொருள்படுகிறது. அதனை மாற்றும் வழியும் ஆடுவோர் கையிலேயே இருக்கிறது.

பெதஸ்டா நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘ஃபால்அவுட் 3’ வேறொரு வழியை மேற்கொண்டது. விரும்பும்போது ஆட்டத்தை நிறுத்தி, பகைவனின் தலை, கை, கால் முதலிய உறுப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றிலும் குண்டு படுவதற்குரிய வாய்ப்பு விழுக்காடாகத் திரையில் தோன்றும். மறைந்த பகடையை மேசைமேல் மீண்டும் எடுத்துவைத்த உத்தி இது. முன்னர்க் கூறிய ‘எனக்கு மிஸ் ஆயிருச்சு’ என்னும் தன்மைக்கூற்று இத்தகைய இடத்தில்தான் பிறக்கிறது.

‘மாஸ் எஃபெக்ட்’ இவ்வளவைக்கு எங்ஙனம் நிற்கிறது? இதிலும் ஆயுதப் பயிற்சிக்கேற்பக் குறி துல்லியமாகும். பயிற்சியில்லாதார் தொலைதூரத் துப்பாக்கியை எடுத்தால் குறி இங்குமங்கும் ஊசலாடும். ஊசலாட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலின் விளையாட்டு எதனையும் மறைக்கவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. நாயகர் ஷெப்பர்ட் தேர்ந்த படைவீரர் எனக் கதை தொடக்கத்திலேயே நிலைநாட்டுகிறது. மாந்தருள் முதன்முதலாக ஸ்பெக்டர் என்னும் உயர்பொறுப்புக்கு அவர் உயர்த்தப்படுவதும் அத்தகுதி பற்றியே. அத்தகைய வீரர் துப்பாக்கியைப் புதிதாகத் தொட்டவர்போல நடுங்குவதற்குக் கதையில் காரணமில்லை. டென்டனின் பிறழ்ச்சி பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. ஷெப்பர்டின் பிறழ்ச்சி பாத்திரத்தை மறுக்கிறது. எண் வளர வேண்டும் என்னும் வகைமைத் தேவைக்காகக் கதை கூறியதை ஆட்டம் பொய்யாக்குவதால், இதனை வழுவமைதி எனக் கொள்ள இயலவில்லை.

பொறுமை கேட்கும் துப்பாக்கியும் விரைவு கேட்கும் களமும்

‘ஆல்ஃபா புரோட்டோகால்’ இன்னும் நுண்ணிய சிக்கலைத் தருகிறது. இதன் நாயகன் மைக்கேல் தார்ட்டன் மறைமுக அரசு அமைப்பொன்றில் புதிதாகச் சேர்ந்த உளவாளி. சவூதி அரேபியா, மாஸ்கோ, ரோம், தைப்பே ஆகிய களங்களில் கதை நிகழ்கிறது. மறைவில் நின்று, பகைவன்மேல் குறியைச் சிறிது நேரம் நிலைநிறுத்தினால் குறிவட்டம் ஒடுங்கி, கடுந்தாக்குதலுக்கு ஆயத்தமாகும். அவசரப்பட்டுச் சுட்டால், மிக அருகிலிருப்பவன்மேலும் குண்டு படாது போகலாம். உளவாளிக்குரிய அறம் பொறுமை என்பதைச் சுடுமுறையே கற்பிக்கிறது எனலாம். வரைபடத்தைப் பார்த்து, காவலர் திரும்பும் நேரம் அறிந்து, ஒருமுறை மட்டும் சுட்டு நகரும் ஆடுவோர்க்கு இவ்விளையாட்டு இனிதாகவே இயங்குகிறது. இதனைப் பொதுவாகக் குறைகூறியோர் பலர் இவ்வமைதியைக் காணவில்லை.

ஆயினும் படைப்பு தன் நெறியைத் தானே கைவிடும் இடங்கள் உள்ளன. தலைமைப் பகைவரோடு பொரும் களங்களில், குறிபார்க்கக் காலம் தராமல் எதிரி நெருங்கி வருகிறான். மாஸ்கோப் பகுதியில் வரும் பிரேய்கோ கத்தியோடு பாய்ந்து வருவது இதற்குப் பெயர்பெற்ற சான்று. பதுங்கிச் செல்லும் கலையிலும் கைத்துப்பாக்கியிலும் புள்ளிகளைச் செலவிட்டுப் பாத்திரத்தை வளர்த்தவர், தாம் வளர்த்த திறன் பயன்படாத அடைப்பட்ட வெளியில் நிறுத்தப்படுகிறார். பொறுமையைக் கற்பித்த துப்பாக்கி கையில் இருக்க, களம் விரைவைக் கேட்கிறது. ஆட்டத்தை விரும்பிய இடத்தில் சேமித்துக்கொள்ளவும் இயலாது. விளையாட்டே குறித்த இடங்களிலிருந்துதான் மீளத் தொடங்கலாம். ஆதலின் ஒரு முரணுக்குப் பலமுறை விலை கொடுக்க நேர்கிறது. சுடுமுறை வழுவமைதியாக இருந்தும் களவமைப்பு அதனை வழுவாக்கிவிடுகிறது. குறையைத் துப்பாக்கியின்மேல் மட்டும் ஏற்றிய விமர்சனங்கள் இக்காரணத்தைப் பிரித்துக் காட்டவில்லை.

பலபொருள் ஒருவிசை

இனிச் சுவர்மறைவுக்கு வருவோம். மாணவர் வழக்கில் இது ‘கவர்’. இக்கட்டுரையில் அரண் என்போம். சுவரையோ பெட்டியையோ ஒட்டி உடலை மறைத்து, வேண்டும்போது மட்டும் எழுந்து சுடும் இம்முறையை 2003இல் நாம்கோ வெளியிட்ட ‘கில்.சுவிட்ச்’ முன்வைத்தது, 2006இல் எபிக் நிறுவனத்தின் ‘கியர்ஸ் ஆஃப் வார்’ அதனைப் பரப்பியது.

முதல் ‘மாஸ் எஃபெக்ட்’டில் அரண்கொள்ளத் தனிவிசை இல்லை. சுவரை நோக்கி நகர்ந்தால் ஷெப்பர்ட் தானாக ஒட்டிக்கொள்வார். சுவரோரமாக விரைந்து கடக்க எண்ணுவோர் வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்ளவும், மறைய எண்ணுவோர் சற்றுக் கோணம் தவறியதால் ஒட்டாமல் வெளியில் நிற்கவும் நேர்ந்தது. கேளாத வினாவுக்கு விடை வருவதும், கேட்ட வினாவுக்கு விடை வராததும் ஒருங்கே நிகழ்ந்தன.

2010 சனவரியில் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ இக்குறையைத் தீர்க்க முனைந்து அரணுக்கு விசை தந்தது. குறிபார்ப்பதில் எண்ணின் ஆட்சியையும் பெரிதும் குறைத்தது. ஆனால் கணினிப் பதிப்பில் இடைவெளி விசையாகிய அந்த ஒரே விசைக்குப் பல தொழில்கள்: விரைந்து ஓடுதல், அரண்கொள்ளுதல், அரணைத் தாண்டுதல், கதவு முதலியவற்றை இயக்குதல். 2012இல் வந்த மூன்றாம் பாகம் உருண்டு விலகுதலையும் வீழ்ந்த தோழரை எழுப்புதலையும் அதனோடு சேர்த்தது. அப்பாகத்தின் கூட்டாட்டத்தில், வீழ்ந்த தோழரை எழுப்ப விசையை அழுத்தியவர் அருகிலிருந்த சுவரில் ஒட்டிக்கொண்டு, தோழரையும் இழந்து தாமும் வீழ்வது ஆடுவோர் பலர் கூறிய குறையாகும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பகுக்கிறார். ஒன்று, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவது. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்பது வினையால் தெளியும். மற்றொன்று, வினையால் வேறுபடாதது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும், பொருள் தெளியாது. அத்தகைய இடத்தில் கிளந்து, அதாவது வெளிப்படையாக, கூறுதல் வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. மாமரம் என்றோ விலங்குமா என்றோ கூறினால் ஐயம் நீங்கும்.

இடைவெளி விசையும் இவ்விருவகையில் அடங்கும். திறந்த வெளியில் அதனை அழுத்தினால் ஓடுதல் என்பது சார்பால் தெளிகிறது. கதவின்முன் அழுத்தினால் திறத்தல் தெளிகிறது. ஒரு விசைக்குப் பல தொழில் தருவது இவ்விடங்களில் சிக்கனமே, குறையன்று. சுவரும் கதவும் வீழ்ந்த தோழரும் இரண்டு அடிக்குள் ஒருங்கே அமையும்போது சார்பு பயன்படாது. போரின் உச்சத்தில் இவை ஒருங்கே அமைவதே இயல்பு. ஏனெனில் தோழர் அரணருகேதான் வீழ்வர். ‘மா வீழ்ந்தது’ என்னும் தொடர் போன்ற நிலை அது. அங்கே கிளந்து கூறத் தனிவிசை வேண்டும். விளையாட்டின் பட்டியல் அதற்கு இடந்தராமையால், ஆர்வலர் சிலர் விளையாட்டின் அமைப்புக் கோப்பைத் தாமே திருத்தித் தொழில்களைப் பிரித்துக்கொண்டனர்.

2011இல் வெளிவந்த ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ இச்சிக்கலுக்கு எளிய தீர்வைக் காட்டியது. அரணுக்கெனத் தனிப்பொத்தான் உண்டு. சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அரண், விட்டால் விடுதலை. அரணுக்குள் இருக்கிறோமா வெளியில் இருக்கிறோமா என்பதைத் திரையைப் பாராமலே விரல் அறிகிறது.

திருக்குறளின் அரண் அதிகாரம் நல்லரணின் இயல்புகளாக உயரம், அகலம், உறுதி முதலியவற்றைக் கூறுவதோடு நில்லாது, உள்ளிருப்போர் நிலைத்து நின்று போரிட எளிதாயிருத்தலையும் ஓர் இயல்பாகக் கூறுகிறது. விளையாட்டு வடிவமைப்போர் முதல் மூன்றையும் ஓவியமாகத் தீட்டிவிடுகின்றனர். உள்ளிருப்போர்க்கு எளிமை என்பது ஓவியத்தில் அமைவதன்று. அது விசையமைப்பில் அமைவது.

கைப்பிடியிலிருந்து விசைப்பலகைக்கு

இக்குறைகள் கணினியில் ஆடுவோர்க்குக் கூடுதலாகத் தோன்றுவதற்குக் காரணமுண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியில் பெருவிரலுக்கு எட்டும் பொத்தான்கள் சிலவே. ‘கியர்ஸ் ஆஃப் வார்’ ஓடுதல், அரண்கொள்ளுதல், உருளுதல் ஆகியவற்றை ஒரே பொத்தானில் அடக்கியது அச்சுருக்கத்தால் விளைந்த உத்தி. அப்பொத்தான் இடைவெளி விசையாகக் கணினிக்கு வந்தபோது உத்தி வந்தது; அதற்குரிய காரணம் வரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விசைகளையுடைய பலகையில் ஒரு விசைக்குப் பல தொழில் எதற்கு?

குறிபார்த்தலிலும் இதே நிலையைக் காணலாம். கைப்பிடியின் குச்சியால் குறியை நகர்த்துவது மெதுவான செயல். குறிவட்டம் ஒடுங்க எடுக்கும் காலமும் கை நகர எடுக்கும் காலமும் அங்கே ஏறக்குறைய ஒத்துப்போகும். பாத்திரத்தின் தாமதத்தை ஆடுவோர் தம் தாமதமாகவே உணர்வர். சுட்டியோ கண் சென்ற இடத்துக்கு நொடியில் செல்லும். கை போய்ச் சேர்ந்தபின் எண்ணுக்காகக் காத்திருக்கும் இடைவெளி கணினியில்தான் வெளிப்படுகிறது. விதி ஒன்றே, கருவி மாறியதும் வழுவமைதி வழுவாகிறது. இதனை நன்னூலார் கூறும் கால வழுவோடு ஒப்பவைத்து எண்ணலாம். ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ விளையாட்டின் கணினிப் பதிப்பில், பூட்டிய கணினியைத் திறக்கும் சிறுபுதிரில் ஓர் எழுத்துத்தொடரை விசைப்பலகையாலும் மற்றொன்றைச் சுட்டியாலும் நகர்த்த வேண்டியிருப்பது, கைப்பிடியின் இரு குச்சிகளுக்கென எண்ணியதைக் கருவி மாற்றியும் அவ்வாறே வைத்ததன் விளைவு.

சிகாமட் போன்ற நகரங்களில் இவ்வேறுபாடு வெறும் ஆய்வுச் செய்தியன்று. தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொள்ளும் பழைய மடிக்கணினியில், சுட்டி இல்லாமல் தொடுபலகையால் ஆடும் மாணவர் உளர். காட்சி தடைப்பட்டு ஓடும் கணினியில் குறிபார்ப்பது இருமடங்கு கடினம். விசைகளை மாற்றியமைக்க இடந்தராத விளையாட்டு, நல்ல கருவியுடையாரை எரிச்சலூட்டுவதோடு நின்றுவிடும். இல்லாரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடும்.

மறுப்பும் விடையும்

பழகினால் எல்லாம் கைவரும். குறைகூறுவது பயிற்சியின்மையால் என்பது ஒரு மறுப்பு. பழக்கம் இருவகைப்படும். நெறியைப் பழகுதல் ஒன்று. பிழையைத் தவிர்த்து நடக்கப் பழகுதல் மற்றொன்று. ‘டியூஸ் எக்ஸ்’ ஆடிப் பழகியவர் எப்போது சுடக்கூடாது என்பதைக் கற்கிறார். அது ஆட்டத்தின் பொருளைச் சேர்ந்த அறிவு. இடைவெளி விசையோடு பழகியவர் சுவரருகே எக்கோணத்தில் நிற்கக்கூடாது என்பதைக் கற்கிறார். அவ்வறிவு ஆட்டத்துக்கு வெளியே எதற்கும் பயன்படாது, உள்ளேயும் ஒன்றைத் தெரிவிக்காது. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். மாணவர் விடை தவறியமை ஒன்று. வினா ஈரடியாக அமைந்து மாணவர் இடறியமை மற்றொன்று. பின்னதற்கு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது அறமாகாது.

கதை சிறந்திருக்கக் கட்டுப்பாட்டைப் பெரிதுபடுத்துவானேன் என்பது மற்றொரு மறுப்பு. முன்னர்க் கூறிய தன்மை, படர்க்கை மாற்றமே இதற்கு விடை. கதை எவர்க்கு நிகழ்கிறது என்பதைக் கட்டுப்பாடே உறுதிசெய்கிறது. ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகிவிட்டபின், அவன் எடுக்கும் அரிய முடிவுகளுக்கு ஆடுவோர் பொறுப்பேற்பதில்லை.

முடிவுரை

2021 மே மாதத்தில் ‘மாஸ் எஃபெக்ட்’ மூன்று பாகங்களும் ‘லெஜண்டரி எடிஷன்’ என ஒருங்கே மறுபதிப்பாயின. முதற்பாகத்தில் பயிற்சிப் பிரிவு பற்றிய குறிபார்க்கும் தடையைப் படைப்பாளரே நீக்கினர், அரண்கொள்ளுதலையும் சீர்செய்தனர். ஷெப்பர்ட் தம் கதைக்கேற்ற வீரரானார். அதேவேளை, பயிற்சியால் கை உறுதிபெறும் வளர்ச்சியுணர்வு முதற்பாகத்தில் மெலிந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ இசையுரிமம் முடிந்தமையால் 2019இல் ஸ்டீம் விற்பனைத்தளத்தினின்று நீங்கி, 2024 மார்ச்சில் ஜிஓஜி தளத்தின் வழி மீண்டும் விற்பனைக்கு வந்தது. புதிய தலைமுறையினர் அதனை ஆடத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அதன் பொறுமைமிக்க துப்பாக்கியையும் பொறுமையிழந்த களங்களையும் பிரித்தறிந்து மதிப்பிடுதல் தகும்.

இவ்வாய்வினின்று மூன்று அளவைகளைத் தொகுத்துக் கூறலாம். பிறழ்ச்சி முன்னரே அறிவிக்கப்படுகிறதா? பாத்திரத்துக்கும் களத்துக்கும் அது பொருந்துகிறதா? அதனை மாற்றும் வழி ஆடுவோர்க்கு உண்டா? மூன்றுக்கும் ஆம் எனின் எரிச்சலும் படைப்பின் பொருளாகும். ஒன்றேனும் இல்லையெனின், எத்துணைச் சிறந்த கதையும் அதனை அமைத்துக்கொள்ளச் செய்யாது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. ‘கொன்ட்ரோல் சரியில்லை’ என்று கூறும் மாணவரை, எவ்விசை, எவ்விடம், எதனை எண்ணி அழுத்தினாய், என்ன நிகழ்ந்தது என நான்கு வினாக்கள் கேட்டு, விடையைக் கட்டுரையாக எழுதச் செய்யலாம். வழுவும் வழுவமைதியும் தேர்வுக்கு மனனம் செய்யும் பழஞ்சொற்களாக அம்மாணவர்க்குத் தெரிகின்றன. தம் சினத்துக்கான காரணத்தை அச்சொற்களால் பிரித்துரைக்கக் கற்பின், இலக்கணமும் அவர்க்குப் பயன்படும். திறனாய்வும் அவ்விடத்தில் தொடங்கும்.